உராய்வு மின்சாரம் கண்ணுக்குத் தெரிந்த கதை: நிலைமின் விசை நுண்ணோக்கியின் வரலாறு

மின்சாரம் என்றவுடன் நமக்குக் கம்பியும் மீட்டரும் மாதாந்திர பில்லும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மனிதகுலம் முதன்முதலில் அறிந்த மின்சாரம் உரசலில் பிறந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ், உரசிய அம்பர் இலேசான பொருள்களை இழுப்பதைக் கவனித்தார் என்று பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்பர் என்று நான் இங்கே சொல்வது மண்ணுக்குள் பல லட்சம் ஆண்டுகள் கிடந்து கல்லாகிப் போன மரப்பிசின். வாசனைத் திரவியக்காரர்கள் விற்கிற மீனம்பர் வேறு, அது திமிங்கிலத்திடமிருந்து கிடைப்பது. இந்தப் பிசினுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் எலெக்ட்ரான். பாரசீகர் இட்ட பெயர் கஹ்ருபா, அதாவது வைக்கோல் திருடி! துரும்பை இழுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் எலெக்ட்ரிசிட்டி என்பதும், அரபு மொழியில் மின்சாரத்துக்கு வழங்கும் கஹ்ரபா என்பதும் இந்த ஒரே பிசினின் இரண்டு பெயர்களிலிருந்து கிளைத்தவைதாம்.

சரி, இழுக்கிறது. எதனால் இழுக்கிறது? உரசும்போது உண்டாகிற மின்னூட்டம் பொருளின் மேற்பரப்பில் எங்கே போய் உட்காருகிறது? பரப்பு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு நேரில் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கருவி 1988-இல்தான் கைக்கு வந்தது. நிலைமின் விசை நுண்ணோக்கி என்று அதைத் தமிழில் சொல்லலாம். அது எந்த வழியாக வந்தது, வந்து என்ன சாட்சி சொன்னது என்பதே இக்கட்டுரை.

துணி வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். டில்லியில் பாலியெஸ்டர் புடவை விற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆடி, ஆவணியில் ஒரு தொந்தரவும் இருக்காது. காற்று உலர்ந்துவிட்டால் போதும், விரித்த புடவை விற்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும் ஒட்டிக்கொள்ளும். மடிப்புக்கு மடிப்பு சடசடவென்று சத்தம் வரும். அலமாரியில் உள்ள தூசியெல்லாம் வெளிர் நிறச் சரக்கின் மேல் வந்து படியும். ஈரக் காற்றில் நூலின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிவதால் மின்னூட்டம் வழிந்து போய்விடுகிறது. வறண்ட காற்றில் அது போக வழியில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு ஆலையின் பிரதிநிதி, "இந்தச் சரக்கில் கரண்டே வராது சார்" என்று சத்தியம் செய்து நூறு உருப்படி தள்ளிவிட்டுப் போனார். அந்த மாசியிலேயே சரக்கின் யோக்கியதை தெரிந்துபோயிற்று. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு வகை, ஒரு பட்டியல்

இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் 1600-இல் வெளியிட்ட காந்தவியல் நூலில், அம்பர் மட்டுமல்ல, கண்ணாடி, கந்தகம் போன்ற பல பொருள்களும் உரசினால் இழுக்கும் என்று காட்டினார். 1733-இல் பிரான்ஸ் நாட்டு தூ ஃபே மின்சாரம் இரண்டு வகை என்று கண்டார். கண்ணாடியில் தோன்றுவது ஒன்று, பிசினில் தோன்றுவது மற்றொன்று. ஒரே வகை ஒன்றையொன்று தள்ளும், மாறான வகை இழுக்கும். இவைதாம் பின்னால் நேர், எதிர் என்று பெயர் பெற்றன.

1757-இல் ஜோஹன் கார்ல் வில்கே எந்தப் பொருளை எதனோடு உரசினால் எது நேராகும், எது எதிராகும் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டார். பள்ளிப் புத்தகங்களில் இன்றும் அதன் வாரிசுகளைப் பார்க்கிறோம். வில்கேயின் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு: வழவழப்பான கண்ணாடி உச்சியில் இருக்கிறது, சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி மிகவும் கீழே மெழுகுகளுக்கும் பின்னால் இருக்கிறது. பொருள் ஒன்றுதான், மேற்பரப்பு மட்டும் வேறு! இங்கிலாந்தின் ஜான் கேன்டன் இதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார். இந்த விசித்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு சிறு விலகல். எங்கள் சமணர் போற்றும் தத்துவார்த்த சூத்திரத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கு ஸ்நிக்தம், ரூக்ஷம் என்ற இரு குணங்கள் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எண்ணெய்ப் பசையான வழவழப்பு ஒன்று, வறண்ட சொரசொரப்பு மற்றொன்று. அதற்கு உரை எழுதிய பூஜ்யபாதர் மின்னல் உண்டாவதையும் இந்த இரு குணங்களோடு சேர்த்துப் பேசுகிறார். உடனே நம்மவர் சிலர், "பார்த்தீர்களா, நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் அன்றே சொல்லப்பட்டுவிட்டன" என்று மேடையில் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூத்திரகாரர் பேசுவது பொருளின் தத்துவத்தைப் பற்றி. தராசு வைத்து அளந்து சொன்ன கணக்கு அல்ல அது. அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது அவருக்கு மரியாதை ஆகாது.

கூலும் செய்த தராசு

அளந்து சொன்னவர் சார்லஸ் அகஸ்டின் கூலும். ராணுவப் பொறியாளர். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் பல வருஷம் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். 1785-இல் அவர் காட்டிய கருவிக்கு முறுக்குத் தராசு என்று பெயர். மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சியைக் கிடையாகத் தொங்கவிட்டார். குச்சியின் ஒரு முனையில் சிறு நெட்டிப் பந்து. அதன் பக்கத்தில் அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் கொடுத்தால் தள்ளிக்கொள்ளும், கம்பி முறுக்கேறும். எத்தனை பாகை முறுக்கோ அத்தனை விசை.

அவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குக் கொடுத்த கணக்கு மூன்றே மூன்று வரி. முதலில் பந்துகள் 36 பாகை விலகி நின்றன. கம்பியை மேலிருந்து 126 பாகை திருகியதும் இடைவெளி 18 பாகை ஆயிற்று. 567 பாகை திருகியதும் எட்டரை பாகை ஆயிற்று. இடைவெளியையும் கூட்டிக்கொண்டால் மொத்த முறுக்கு 36, 144, 575½. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு, கால் பாகமானால் பதினாறு மடங்கு. நம்ம ஊர் முனிம்ஜிக்குக் கொடுத்தாலும் ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம். காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் ஒழுகிப் போகிறது என்பதையும் அவர் அதே வருஷத்தில் ஆராய்ந்தார். எங்கள் கடையின் ஆவணி, மாசிக் கணக்கு அதுதான்!

ஆனால் ஒன்று. கூலும் அளந்தது முழுப் பந்தின் மின்னூட்டம். பந்தின் எந்த இடத்தில் எவ்வளவு என்பதை அந்தத் தராசு சொல்லாது. மூட்டையை நிறுத்துவிட்டோம், உள்ளே இருக்கும் மணிகளை நிறுக்கவில்லை.

மேற்பரப்பில் மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் படமாகப் பார்த்தவர் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரத்து லிச்டென்பெர்க். 1777-இல் பிசினால் வார்த்த பெரிய தட்டு ஒன்றின் மேல் படிந்த தூசி நட்சத்திரம் நட்சத்திரமாக ஒதுங்கி நிற்பதைக் கண்டார். நேர் மின்னூட்டம் விழுந்த இடத்தில் கிளைவிட்ட வடிவம், எதிர் மின்னூட்டம் விழுந்த இடத்தில் வட்ட வடிவம். இந்தத் தூசிப் படத்தின் பேரப்பிள்ளைதான் நம் ஜெராக்ஸ். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவர் உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் உரசி மின்னூட்டி, எழுத்து எழுதிய கண்ணாடி வழியே ஒளி பாய்ச்சி, மேலே பொடியைத் தூவினார்கள். தேதியும் ஊர்ப் பெயரும் அப்படியே பொடியில் எழுந்து நின்றன. உரசிய துணியின் புண்ணியம்! ஆனாலும் பொடியால் பார்க்கிற பார்வைக்குப் பொடியின் பருமன்தான் எல்லை. அதைவிட நுட்பமானது அதற்குத் தெரியாது.

கெல்வின் பிரபு 1898-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பாதை. வெவ்வேறு உலோகத் தகடுகள் இரண்டைக் கம்பியால் இணைத்தாலே அவற்றுக்கிடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு நிற்கும். தகட்டை நகர்த்தினால் கம்பியில் மின்னோட்டம் ஓடும். வெளியிலிருந்து எதிரான அழுத்தம் கொடுத்து, ஓட்டம் பூஜ்யமாகும் இடத்தைப் பிடித்தால், கொடுத்த அழுத்தமே விடை. 1932-இல் சிஸ்மன் என்பவர் தகட்டை அதிரவிட்டு இந்த அளவீட்டைச் சுலபமாக்கினார். வியாபாரிகளுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். கூலுமின் கருவி சுருள்வில் தராசு; எவ்வளவு சாய்ந்தது என்று பார்ப்பது. கெல்வின் முறை தட்டுத் தராசு. எதிர்த்தட்டில் படிக்கல் வைத்து முள்ளை நடுவில் நிறுத்துவது. இந்த இரண்டு தராசும் நூறு வருஷம் கழித்து ஒரே ஊசிமுனையில் வந்து சேர்ந்தன.

ஊசிமுனையில் தராசு

1981-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிங்கும் ஹைன்ரிச் ரோரரும் எஸ்.டி.எம். என்ற நுண்ணோக்கியை இயக்கினார்கள். கூரிய உலோக முனையைப் பரப்புக்கு மிக அருகே கொண்டுபோய், இடையில் தாவும் மின்னோட்டத்தை வைத்து அணுக்களின் மேடுபள்ளத்தை வரைவது அது. 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மின்சாரம் பாயாத பொருளை அதனால் பார்க்க முடியாது. நம் பாலியெஸ்டரும் கண்ணாடியும் அதற்கு வெளியேதான்.

அந்தக் குறை அதே 1986-இல் தீர்ந்தது. பின்னிங், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியை வெளியிட்டார்கள். மின்னோட்டத்தை விட்டுவிட்டு விசையை அளப்பது அது. முதல் கருவியில் தங்கத் தகட்டுத் துணுக்கு ஒன்று வில்லாகவும், அதன் நுனியில் ஒட்டிய வைரச் சில்லு முனையாகவும் இருந்தன. தங்கமும் வைரமும் வைத்து ஒரு தராசு! தரீபா நகைக் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கூலி எவ்வளவு வாங்கினார்கள்?" என்று கேட்டார். பிறகு சிலிக்கானால் வார்த்த மெல்லிய பட்டை வந்தது. கான்டிலீவர் என்பார்கள், ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை காற்றில் நிற்கும், நீச்சல் குளத்தில் குதிக்கிற பலகை மாதிரி. நீளம் சுமார் 200 மைக்ரோமீட்டர், தடிமன் சில மைக்ரோமீட்டர். முதுகில் லேசர் ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து அதன் அசைவை அளக்கிறார்கள்.

இந்தப் பட்டைக்கும் முனைக்கும் உலோகப் பூச்சு கொடுத்து, மின்னழுத்தமும் கொடுத்தால் அதுவே நிலைமின் விசை நுண்ணோக்கி. 1988-இல் அமெரிக்காவில் யார்க்டவுன் ஹைட்ஸ் ஐ.பி.எம். கூடத்தில் ஈவ் மார்ட்டின், டேவிட் ஆபிரகாம், குமார் விக்கிரமசிங்க மூவரும் இந்த வழியில் மின்தேக்குதிறனையும் மின்னழுத்தத்தையும் அளந்து காட்டினார்கள். விக்கிரமசிங்க இலங்கையிலிருந்து சென்றவர். அதே ஆண்டு கலிபோர்னியாவின் அல்மாடன் ஐ.பி.எம். கூடத்தில் ஸ்டெர்ன், டெரிஸ், மாமின், ருகர் நால்வரும் மின்காப்புப் பொருளின் மேல் முனையாலேயே ஒரு பொட்டு மின்னூட்டத்தை வைத்து, அதே முனையால் அதைப் படமும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களே, முனையால் பரப்பைத் தொட்டு எடுத்தால் எவ்வளவு மின்னூட்டம் மாறுகிறது என்று பார்த்தார்கள். தேலீஸ் செய்த அதே காரியம், நானோ அளவில்.

வேலை செய்யும் விதம் இதுதான். முனையின் நுனி சில பத்து நானோமீட்டர் ஆரமுடையது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் தடிமன். பட்டையை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை அதிரவிட்டு, பரப்பின் மேல் வரிவரியாக ஓட்டுகிறார்கள், நிலத்தில் ஏர் ஓட்டுகிற மாதிரி. பரவலாகக் கையாளும் முறையில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை ஓட்டுவார்கள். முதல் ஓட்டத்தில் மேடுபள்ளம் பதிவாகும். இரண்டாம் ஓட்டத்தில் முனையைச் சில பத்து நானோமீட்டர் உயர்த்தி, முன்பு பதிவான மேடுபள்ளத்தையே பின்பற்றி மீண்டும் ஓட்டுவார்கள். அணுக்களுக்கிடையே உள்ள குறுந்தூர விசை அந்த உயரத்தில் செத்துப் போகும். மின்விசையின் கை நீளமாதலால் அது மட்டும் எட்டும். அதிர்வில் உண்டாகும் சிறு மாற்றமே மின்னூட்டத்தின் படமாகிறது.

ஒரு சிக்கல் உண்டு. முனைக்குக் கொடுத்த அழுத்தத்தால், மின்னூட்டமே இல்லாத பரப்புகூடக் கொஞ்சம் இழுக்கும். இந்த இழுப்பு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நேர் அழுத்தம் கொடுத்தாலும் எதிர் அழுத்தம் கொடுத்தாலும் இழுப்புதான். பரப்பில் உண்மையாகவே மின்னூட்டம் இருந்தால் அதன் பங்கு முனையின் குறி மாறும்போது தானும் மாறும், இழுத்தது தள்ளும். ஆகவே இரண்டு குறியிலும் ஓட்டிப் பார்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். 1991-இல் நான்னன்மாக்கர், ஓபாயில், விக்கிரமசிங்க மூவரும் கெல்வினின் தட்டுத் தராசு முறையையே இந்த முனைக்குக் கொண்டுவந்தார்கள். எதிர் அழுத்தம் கொடுத்து விசையைப் பூஜ்யமாக்கும் இடமே விடை. அதற்குக் கெல்வின் முனை விசை நுண்ணோக்கி என்று பெயர்.

சாட்சி சொன்னது என்ன?

1990-இல் ஜூரிச் கூடத்தின் ஷோனன்பெர்கரும் அல்வராடோவும் சிலிக்கான் நைட்ரைடு படலத்தில் வைத்த மின்னூட்டம் குறைவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் ஒழுகுவது போல வழுக்கிக்கொண்டு குறையவில்லை. படிப்படியாக, மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. ஒவ்வொரு படியும் ஒரே ஒரு மின்துகளின் போக்குவரத்து. தராசு மூட்டையிலிருந்து மணிக்கு வந்துவிட்டது. 2009-இல் லியோ கிராஸ் குழுவினர் உப்புப் படலத்தின் மேல் உட்கார்ந்த ஒரு தங்க அணு மின்னூட்டம் உள்ளதா இல்லாததா என்றே பிரித்துச் சொன்னார்கள்.

டி.என்.ஏ. விவகாரம் சுவையானது. மரபணுத் திரியில் மின்சாரம் பாயுமா? 1999-இல் ஃபிங்க் என்பவரும் மேலே சொன்ன அதே ஷோனன்பெர்கரும் பாய்கிறது என்று ஆய்வு வெளியிட்டார்கள். நானோ மின்சுற்றுக்கு இனி டி.என்.ஏ.-யே கம்பி என்று பலரும் கனவு கண்டார்கள். கம்பியின் இரு முனையிலும் தொடுப்பு வைத்து அளப்பதில் எப்போதும் ஒரு வம்பு உண்டு: பாய்வது திரியிலா, தொடுப்பின் அழுக்கிலா என்று சொல்ல முடியாது. 2002-இல் பாக்ராத் குழுவினர் தொடாமலே பார்க்கிற இந்த முறையைக் கையாண்டார்கள். கார்பன் நானோகுழாய் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே வைத்த டி.என்.ஏ. திரி மின்கடத்தியாகக் கொஞ்சமும் தெரியவில்லை. எல்லா நிலைமைக்கும் இதுவே தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கனவின் வேகம் அன்றோடு தணிந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. பேடெகின் தம்பதியும் பார்டோஷ் கிரிபோவ்ஸ்கியும் பிறரும் செய்தது. பிளாஸ்டிக் போன்ற இரண்டு மின்காப்புப் பொருள்களைத் தொடவைத்துப் பிரித்தால் ஒன்று முழுக்க நேர், மற்றது முழுக்க எதிர் என்றுதான் வில்கே காலத்திலிருந்து எல்லாரும் நினைத்தார்கள். கெல்வின் முனையை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பரப்பிலும் நேரும் எதிரும் கலந்து, கோலப்பொடி சிந்தியது போலத் திட்டுத்திட்டாகக் கிடந்தன. நாம் வெளியிலிருந்து அளப்பது வரவு செலவு போக நிற்கும் பாக்கி மட்டுமே. உள்ளே நடந்த வரவும் செலவும் பாக்கியைவிடப் பெரிது. போதாக்குறைக்கு, தொட்டுப் பிரியும்போது ஒரு பரப்பிலிருந்து பொருளே கொஞ்சம் பிய்ந்து மறு பரப்பில் ஒட்டிக்கொள்வதையும் கண்டார்கள்.

ஒரு வியாபாரியாக எனக்கு இது சட்டென்று விளங்கியது. இறுதிப் பாக்கி ஆயிரம் ரூபாய் என்று மட்டும் பார்த்தால் அந்தக் கடையில் ஆயிரத்துக்கு வியாபாரம் நடந்ததா, ஆயிரம் லட்சத்துக்கு நடந்ததா என்று தெரியாது. இருநூறு ஆண்டுகளாக மின்னியலார் பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு பேரேட்டை ஊகித்திருக்கிறார்கள்.

மாறிப் போவது எது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எலெக்ட்ரான் என்று ஒரு கட்சி, அயனி என்று ஒரு கட்சி, பிய்ந்த பொருள்தான் என்று ஒரு கட்சி. 2019-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து லாரன்ஸ் மார்க்ஸ் குழுவினர், உரசும்போது பரப்பிலுள்ள நானோ அளவு முண்டுகள் வளைவதாலேயே மின்னழுத்தம் பிறக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள்.

2025-இல் ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் சோபார்சோ, வைடுகைடிஸ் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது இன்னும் வேடிக்கை. ஒரே சிலிக்கோன் ரப்பரில் வெட்டிய ஒரே மாதிரித் துண்டுகள். ஆரம்பத்தில் தொட்டுப் பிரித்தால் எது நேர், எது எதிர் என்று தலைகால் தெரியாத குழப்பம். ஆனால் இருநூறு தடவை வரை தொட்டுப் பிரித்த பிறகு துண்டுகள் தாமாகவே வில்கேயின் பட்டியல் போல ஒரு வரிசையில் நின்றன. அதிகத் தடவை தொடப்பட்ட துண்டு, குறைவாகத் தொடப்பட்டதற்கு எதிரே எதிர் மின்னூட்டம் பெற்றது. துண்டுகளில் அவர்களால் காண முடிந்த ஒரே மாற்றம், பலமுறை தொடப்பட்ட பரப்பு நானோ அளவில் வழவழப்பாகிப் போனதுதான்.

வில்கேயின் பட்டியலில் இரண்டு இடத்தில் நின்ற கண்ணாடியை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே எதிர்ப் பக்கம் போனது சொரசொரப்பான கண்ணாடி. இங்கே எதிர்ப் பக்கம் போனது வழவழப்பான ரப்பர். திசை ஒத்துப்போகவில்லை, ஆகவே வழவழப்பு என்றால் இன்ன குறி என்று ஒரு வரியில் விதி எழுதிவிட வழியில்லை. அடுத்த ஊசிமுனை கண்ணாடியின் மேலும் ரப்பரின் மேலும் ஒரே நிபந்தனையில் ஓடியாக வேண்டும்.